ஒரு மீட்டர் மரம், அரை மீட்டர் சண்டை: சொந்த வீட்டு மாமரத்தை வெட்ட அனுமதி வேணுமா வேணாமா

மாம்பழக்காரன்:
நேத்து ராத்திரி குடும்ப வாட்சப் குரூப்புல எங்க சித்தப்பா எழுதுறார், "சிங்கப்பூர்ல சொந்த வீட்டு மரமா இருந்தாலும் தொட்டா 50,000 வெள்ளி அபராதம்"னு. எனக்கு எரிச்சல் தாங்கல. புக்கிட் தீமால எங்க அப்பா காலத்து தரைவீடு, பின்னாடி ஒரு மாமரம். வேர் சமையல்கட்டு தரையைத் தூக்கி மூணு டைல்ஸ் வெடிச்சுப் போச்சு, பின்கதவு அடைக்க வரமாட்டேங்குது. சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டுனாத்தான் அனுமதி வேணும், இதுதானே சட்டம்? நான் டேப்பு வச்சு அளந்துட்டேன், என் நெஞ்சு உயரத்துல 96 சென்டிமீட்டர். அப்ப யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லை. சித்தப்பா மாதிரி ஆளுங்க சும்மா பயமுறுத்தாதீங்க.

அளவுகோல்:
நெஞ்சு உயரத்துல அளக்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது? தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துல அளக்கணும். அரை மீட்டர். முழங்கால் பக்கம். பூங்காக்கள், மரங்கள் சட்டத்துல இருக்கு, 2005லருந்து இருக்கு. மரப் பாதுகாப்புப் பகுதிக்குள்ள இருந்தா சொந்த வீடா இருந்தாலும் தேசிய பூங்காக் கழகத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், காலி நிலமா இருந்தா எந்தப் பகுதியா இருந்தாலும் வாங்கணும். உங்க சித்தப்பா முழுசா சரி இல்ல, நீங்க அவரை விட தப்பு.

மாம்பழக்காரன்:
உலகம் முழுக்க காட்டிலாகாக்காரங்க நெஞ்சு உயரத்துலதான் அளப்பாங்க அண்ணே, 1.3 மீட்டர்ல. அடியில வேர் புடைச்சு அகலமா இருக்கும், அங்க அளந்தா வாழை கூட ஒரு மீட்டர் வரும். 96னா 96தான்.

அளவுகோல்:
அவங்க நெஞ்சு உயரத்துல அளக்குறது விட்டம். சட்டம் கேக்குறது சுற்றளவு. ஒரு மீட்டர் சுற்றளவுன்னா விட்டம் சுமார் 32 சென்டிமீட்டர்தான், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்தை விட கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெரிய மரத்துக்குத்தான் சட்டம்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, கிடையாது. அரை மீட்டர்ல டேப்பை வைங்க, வச்சு எவ்வளவுன்னு இங்க எழுதுங்க.

யீஷுன்வாசி:
தரைவீட்டுக்காரங்களுக்கு எப்படியெல்லாம் கவலை பாருங்க. நாங்க பன்னிரண்டாவது மாடியில தொட்டியில கறிவேப்பிலை வச்சிருக்கோம், தாழ்வாரத்துல தொட்டி இருந்தா வழியை மறைக்குதுன்னு நோட்டீஸ் ஒட்டுவான். உங்களுக்கு மரமும் இருக்கு, வெட்ட உரிமையும் வேணும்.

சாங்கி அக்கா:
தம்பி மாம்பழக்காரன், நான் சாங்கி பக்கம் வளந்தவ, அதனால கேளுங்க. 2002 நவம்பர்ல ஹால்டன் ரோட்டுப் பக்கம் 150 வயசைத் தாண்டின ஒரு செங்கால் மரத்தை ஒரு சொத்து நிர்வாகக் கம்பெனி அனுமதி இல்லாம வெட்டிப் போட்டுச்சு. சாங்கிங்கிற பேரே அந்த மரத்தாலதான் வந்துச்சுன்னு எங்க பக்கத்துப் பெரியவங்க சொல்வாங்க. கரையான் அது இதுன்னு காரணம் சொன்னாங்க. கோர்ட்டுல 8,000 வெள்ளி அபராதம், அதுக்கு மேல அரசாங்கத்துக்கு 76,035 வெள்ளி நஷ்ட ஈடு. நஷ்ட ஈடு கட்டுனா மரம் வருமா? அது விழுந்த செய்தியைப் படிச்சன்னைக்கு எங்க அம்மா சாப்பிடல, பொய் சொல்லல.

மாம்பழக்காரன்:
அக்கா, நீங்களே சொல்லிட்டீங்க, 8,000. சித்தப்பா சொன்ன 50,000 எங்க போச்சு?

அளவுகோல்:
அது 2002. 50,000 வரைக்கும்ங்கிறது 2005 சட்டம். தேதியைப் பாக்காம பேசாதீங்க. இன்னும் டேப்பை அரை மீட்டர்ல வைக்கல நீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரம்புத்தான் வீடு:
எனக்கு வேற பிரச்சினை. பக்கத்து வீட்டு ரம்புத்தான் கிளை எங்க கூரை மேல வந்து நிக்குது. இலை எல்லாம் எங்க வீட்டுத் தூம்புல விழுந்து அடைச்சு தண்ணி தேங்குது, கொசுவுக்கு சோதனை வந்தா மாட்டுறது நான். போன மாசம் ஏணி போட்டு ஏறிப் பாத்தேன், இலைக்கு அடியில புழு நெளியுது, கையால அள்ளி அள்ளிப் போட்டேன். அவங்ககிட்ட சொன்னா "மரத்தைத் தொடக்கூடாது, சட்டம்"னு கதவைச் சாத்துறாங்க. இந்தச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே சோம்பேறிங்க தப்பிச்சுக்கிறாங்க.

சாங்கி அக்கா:
எல்லைக்கு இந்தப் பக்கம் நீட்டுற கிளையை நீங்க வெட்டலாம்மா, அவங்க நிலத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது, வெட்டுன கிளையும் பழமும் அவங்களோடது. ஆனா மரப் பாதுகாப்புப் பகுதியில பெரிய மரம்னா கண்டபடி மொட்டை அடிக்காதீங்க, வெட்டுறது மட்டுமில்ல சேதப்படுத்துறதும் குத்தம்தான்.

ரம்புத்தான் வீடு:
பழத்தைத் திருப்பிக் குடுக்கணுமா? இருபது வருஷமா இலையைப் பெருக்குறவ நான், பழம் அவங்களுக்கா! நல்லா இருக்கு நியாயம்.

யீஷுன்வாசி:
இலை கூட்டுறதுக்கு ஆள் வைக்க வசதி இருக்குறவங்கதானே தரைவீட்டுல இருக்கீங்க.

ரம்புத்தான் வீடு:
எங்க வீட்டுக்காரர் முப்பத்தஞ்சு வருஷம் கப்பல் பட்டறையில ஷிப்ட் பாத்து வாங்குன வீடு அது. வாயை அளந்து பேசுங்க தம்பி.

அளவுகோல்:
எல்லாரும் கிளைக்குப் போயிட்டீங்க. கேள்வி அது இல்ல. கேள்வி டேப்பு எங்க வைக்கிறதுங்கிறது. மாம்பழக்காரன் இன்னும் பதில் சொல்லல. அரை மீட்டர்.

மாம்பழக்காரன்:
வச்சேன். போதுமா? காலையில எழுந்து அம்மா தையல் பெட்டியில இருந்து டேப்பு எடுத்து, முசுறு எறும்பு கடிக்க கடிக்க சுத்தி வச்சேன், கழுத்துல, காதுக்குப் பின்னாடி எல்லாம் தடிச்சுப் போச்சு. 107 வருது. ஆனா அந்தப் பக்கம் நிலம் சரிவு. மேட்டுப் பக்கத்திலிருந்து அரை மீட்டர் எடுத்தா ஒண்ணு, பள்ளத்துப் பக்கத்திலிருந்து எடுத்தா வேற. மேட்டுப் பக்கம் பாத்தா 101. அப்புறம் பட்டை வேற உரிஞ்சு தொங்குது, பட்டையைக் கழிச்சா 100க்குள்ள வந்துரும். பட்டை மரமா இல்லையா, சொல்லுங்க.

அளவுகோல்:
96ல ஆரம்பிச்சு 107க்கு வந்துட்டு இப்ப 101ங்கிறார்! பட்டையைக் கழிக்கணுமாம்! 101ம் ஒரு மீட்டருக்கு மேலதான் அய்யா. அனுமதிக்கு எழுதிப் போடுங்க. வேர் தரையைத் தூக்குதுன்னு படம் எடுங்க, சான்றிதழ் வாங்குன மர நிபுணரைக் கூட்டிட்டு வந்து அறிக்கை வாங்குங்க, காரணம் நியாயமா இருந்தா குடுப்பாங்க. முருங்கை விஷயத்துலயும் போன வருஷம் இதே ஆள் இதே மாதிரித்தான் மூணு நாள் இழுத்தார், எனக்கு ஞாபகம் இருக்கு.

மாம்பழக்காரன்:
முருங்கையை ஏன் இழுக்குறீங்க? அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி. மர நிபுணருக்கு காசு நீங்க குடுப்பீங்களா? எங்க அப்பா கையால வச்ச கன்று. நானே தண்ணி ஊத்துனேன். என் அப்பா மரத்தை என்ன செய்யணும்னு ஒரு ஆபீஸர் வந்து சொல்லணுமா?

சாங்கி அக்கா:
அப்பா வச்ச மரம்னா வெட்ட மனசு எப்படி வருது தம்பி? டைல்ஸை மாத்துங்களேன். வேர் பக்கம் மட்டும் தரையைத் தள்ளிக் கட்டலாம், எங்க அண்ணன் வீட்டுல அப்படித்தான் செஞ்சோம். 1963 ஜூன் 16 லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ்ல மெம்பாட் கன்று நட்டு ஆரம்பிச்ச ஊரு இது, நிழல் சும்மா வந்துச்சா?

மாம்பழக்காரன்:
நிழலைப் பத்தி பேசுறீங்களே, 2017 பிப்ரவரியில தாவரவியல் தோட்டத்துல 270 வயசு தெம்புசு மரம் சாய்ஞ்சு ஒரு அம்மா செத்துப் போனாங்க, நம்ம இந்தியாவிலிருந்து வந்தவங்க, குடும்பத்தோட நின்னவங்க. அது பாரம்பரிய மரம், அதிகாரிங்க கண்ணு முன்னாடி இருந்த மரம். அங்கயே அப்படின்னா என் சமையல்கட்டுப் பக்கத்துல இருக்குறதுக்கு யார் பொறுப்பு?

சாங்கி அக்கா:
ஒரு சாவைக் கொண்டாந்து உங்க டைல்ஸோட சேக்காதீங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

யீஷுன்வாசி:
அக்கா சொல்றது சரி, ஆனா அவர் பயமும் பொய் இல்ல. எங்க புளோக்குக்குக் கீழ போன வருஷம் மழையில ஒரு கிளை ஒடிஞ்சு பஸ் ஸ்டாப் ஓரம் விழுந்துச்சு, எங்க அப்பா அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் அங்கருந்து பஸ் ஏறினார்.

கான்ட்ராக்டர் மச்சான்:
நான் தோட்ட வேலை எடுக்குறவன். இந்த மாதிரி ஆளுங்களை நிறைய பாத்துட்டேன். அடியில மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டு அளக்கச் சொல்வாங்க, அரை மீட்டர் தானா மேல ஏறிடுமாம். அப்படிக் கேட்டா வேலையை விட்டுட்டு வந்துருவேன். வெட்டுனவன்னு மாட்டுறது நானும்தான், வீட்டுக்காரர் மட்டுமில்ல. மாம்பழக்காரன், அனுமதிக் கடுதாசி இல்லாம ரம்பத்தைக் கையில எடுக்குறவன் கிடைப்பான், ஆனா அவனை நம்பாதீங்க.

மாம்பழக்காரன்:
நான் மண்ணு கொட்டுவேன்னு எங்க சொன்னேன்? எல்லாரும் சேந்து என்னைத் திருடனாக்குறீங்க. சரிவுல எந்தப் பக்கம் அளக்கணும்னு கேட்டேன், அதுக்கு யாருமே பதில் சொல்லல.

அளவுகோல்:
சொல்லியாச்சு. எந்தப் பக்கம் அளந்தாலும் நூறைத் தாண்டுது, 107, 101, ரெண்டுமே உங்க வாயால வந்ததுதான். டேப்பு மரத்துல இருக்குற மாதிரி ஒரு படம் போடுங்க, தரையும் டேப்பும் ஒண்ணாத் தெரியணும்.

ரம்புத்தான் வீடு:
படம் போடுறப்ப அந்த முசுறுக்கு என்ன மருந்து அடிக்கிறீங்கன்னும் சொல்லுங்க, எங்க பக்கமும் வந்துருச்சு.

மாம்பழக்காரன்:
மழை பெய்யுது. நின்னதும் எடுக்குறேன். நெஞ்சு உயரத்துலயும் சேத்துத்தான் எடுப்பேன்.

அளவுகோல்:
அரை மீட்டர்.