வால் குண்டுவீச்சு விமானம்: உங்கள் அனுபவம் என்ன?

கல்லடிச் சுழியோடி:
இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பறக்கவிட்ட இந்த விமானத்தை நான் பார்த்ததில்லை, அது செய்த வேலையைத்தான் பார்த்தேன். மட்டக்களப்புக் கடலில், 50 மீட்டருக்கும் கீழே, ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இடப்பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. முதல் தடவை நீரோட்டம் இழுத்து, பாதியிலேயே திரும்பிவிட்டோம். அடுத்த தடவை அடியில் கிடைத்தது 15 நிமிடம்தான். அப்புறம் மேலே வரும் வழியில், ஆழத்தில் உடலில் கரைந்த வாயு மெதுவாக வெளியேற, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தொங்கல். கண்ணிலேயே நிற்பது ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி. குழலெல்லாம் சிப்பி மூடி, அதைச் சுற்றிச் சின்ன மீன் கூட்டம். 1942 ஏப்ரல் 9 அன்று வால்கள் வந்து தாக்கி மூழ்கடித்தபோது இந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் போய்விட்டார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து சுமார் 600 பேரைக் காப்பாற்றியது.

மாடல் பைத்தியம்:
அந்த விமானத்தின் சொந்தப் பெயர் ஐச்சி டி3ஏ. அதன் பொம்மையை ஒட்டி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. நேச நாட்டுப் படைகள் வைத்த பெயர்தான் வால். அது ஒரு பெண் பெயர், நம்ம ஊர் வால் இல்லை! சக்கரம் மடங்காது, காலுக்குச் சப்பாத்து மாட்டிய மாதிரி உறை. பழங்கால வண்டி என்றுதான் நினைப்போம். வயிற்றடியில் ஒரு கவட்டை இருக்கும். தலைகீழாகப் பாயும்போது 250 கிலோ குண்டை வெளியே ஊசலாட்டி, முன்விசிறியில் படாமல் விடுவது அதன் வேலை. நான் உடைத்ததும் அதே துண்டைத்தான். ஹெர்மிஸுக்கு நான்கு நாள் முன்பு, கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பிரித்தானிய குரூசர் போர்க்கப்பல்களையும் மூழ்கடித்தவை இவைதான். இரண்டுக்கும் சேர்த்தே ஏறக்குறைய 20 நிமிடம்.

சார்ல்ஸ்டன்வாசி:
எங்கள் ஊரில் லாஃபி என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1945 ஏப்ரல் 16, ஒகினாவா அருகே அதன்மேல் முதலில் பாய்ந்தவையும் வால்களே. அதற்குள் சுய்செய் என்ற புது விமானம் வந்து, வால் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. குண்டைப் போட்டுவிட்டு மேலேறித் திரும்பிய அதே விமானத்தை இப்போது கப்பலிலேயே மோதும் தற்கொலைத் தாக்குதலுக்கு, திரும்பாத பயணத்துக்கு அனுப்பினார்கள். 32 மாலுமிகள் இறந்தார்கள், கப்பல் மூழ்கவில்லை. பின்புறத் துப்பாக்கி மேடையில் நின்று, "இங்கேயிருந்து சுட்டிருக்கலாமே அப்பா?" என்றான் மகன். சுட்டார்கள்டா, சுடச்சுடத்தான் வந்தது என்றேன்.

கல்லடிச் சுழியோடி:
மே மாதம் இங்கே கடல் அடங்கிவிடும். ஆழச் சுழியோடப் பயிற்சி உள்ளவர்கள் வாருங்கள், பீரங்கியைக் காட்டுகிறேன்.