முரசு நோய்: வேர்ச் சுத்திகரிப்போடு புரோபயோட்டிக் குளிசையும் கொடுக்கலாமா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 56 வயது, சீனி வருத்தம் இருக்கு. கடைவாய்ப் பற்களில் முரசுப் பை (பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் விழுந்த இடைவெளி) 5, 6 மி.மீ. ஆழமாம். அடுத்த கிழமை வேர்வரை சுத்தம் செய்யத் தொடங்குறாங்க, குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கிற மருந்தும் தந்திருக்காங்க. சூப்புகிற புரோபயோட்டிக் (நல்ல பக்டீரியா உள்ள) குளிசை சேர்த்தால் பலன் கூடுமா? கிண்ணியாச் சட்டித் தயிர் போதாதா?

பல்லும் முரசும்:
கொடுக்கலாம் தங்கச்சி, ஆனால் சுத்திகரிப்புக்குப் பதிலாக இல்லை. வேரில் கல்லாக இறுகிய காறையை எந்தப் பக்டீரியாவும் கரைக்காது, கருவியால்தான் எடுக்கவேணும். அது பைக்குள் இருக்கும்வரை குளிசைக் காசு வீண்.

ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டது லாக்டோபசிலஸ் ரியூட்டரி என்ற பக்டீரியா. அதன் டிஎஸ்எம் 17938, ஏடிசிசி பிடிஏ 5289 என்ற இரண்டு வகையும் சேர்ந்து ஒரு குளிசையில் குறைந்தது 20 கோடி உயிருள்ள பக்டீரியா இருக்கும். பல் துலக்கிய பிறகு காலையும் இரவும் ஒவ்வொன்று. கடிக்காமல், விழுங்காமல், தானாகக் கரையும்வரை சூப்பவேணும். 3 முதல் 12 கிழமை வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சில ஆய்வுகளில் ஆழமான பைகள் சற்றுக் கூடுதலாகச் சுருங்கின, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. அதனால்தான் ஐரோப்பிய முரசுநோய்ச் சம்மேளனத்தின் 2020 வழிகாட்டி இதைச் சேர்க்கும்படி சொல்லவில்லை. காசு மட்டாக இருந்தால் முதலில் பல்லிடைப் பிரஷ் வாங்குங்கள். இடைவெளிக்கு ஏற்ற அளவை வைத்தியரிடமே கேட்டு, தினமும் ஒருமுறை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுக்கவேணும்.

மருந்துக்கடைத் தம்பி:
இரண்டையும் ஒன்றாகத் தொடங்காதீங்க அக்கா. குளோர்ஹெக்சிடின் நல்ல பக்டீரியாவையும் கொன்றுவிடும். வைத்தியர் சொன்ன நாள்வரை 0.2 வீதக் கரைசல் 10 மி.லீ., ஒரு நிமிடம், இரண்டு வேளை கொப்பளித்து முடித்த பிறகு குளிசையைத் தொடங்குங்க. பற்பசை நுரை அந்தக் கரைசலைப் பலவீனமாக்கும், துலக்கி அரை மணித்தியாலம் கழித்தே கொப்பளிக்கணும். வயிற்றுக்கான புரோபயோட்டிக் கப்சூல் இதற்கு உதவாது. நம்ம ஊர் வெக்கைக்கு டப்பாவை யன்னலோரம் வைக்கவே கூடாது. புற்றுநோய் மருந்தோ நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பல்லும் முரசும்:
தயிர் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள்; பாணி விடாமல். அதிலுள்ள பக்டீரியா இந்த வகை இல்லை, வாயில் தங்குவதும் இல்லை. அம்மாவின் முரசுக்குக் குளிசையைவிடப் பெரிய விசயம் சீனிக் கட்டுப்பாடு. எச்பிஏ1சி (கடந்த 2, 3 மாதச் சராசரிச் சீனி அளவு) கூடுதலாகவே இருந்தால் சுத்தம் செய்த இடமும் ஆறப் பிந்தும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர் என்றால் அதையும் நிறுத்தவேணும். 3 மாதத்தில் பைகளைத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். 4 மி.மீ. அல்லது குறைவு, இரத்தக் கசிவும் இல்லை என்றால் இலக்கை அடைந்தாச்சு. இன்னும் 6 மி.மீ. இருந்தால் மறுபடி சுத்திகரிப்போ முரசுச் சத்திரசிகிச்சையோ தேவைப்படும். அந்த இடத்தில் குளிசையை நீட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீங்கோ.