புதுப்பிப்பு: மூணு நாய்களும் பொம்மைச் சண்டையும்

ஏற்காட்டு மழையில வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்து, ரப்பர் எலும்புக்காக எங்க மூணு நாய்களும் கடிச்சுக்குதுன்னு கேட்டிருந்தேனே, இப்போ எவ்வளவோ தேவலை. பொம்மையெல்லாம் அலமாரிக்குள்ள, தினம் சிலது மட்டும் வெளியே வரும். தீனி அடைச்ச பொம்மைதான் சண்டைக்கு மூலகாரணம். அதைத் தனித்தனி அறையில கதவைச் சாத்திட்டுத்தான் கொடுக்கறோம்.

கருப்பன் பொம்மை மேல தலையைக் கவிழ்த்து, உடம்பை விறைச்சு, ஓரக்கண்ணால பார்த்தா அடுத்தது உறுமல்தான். அப்போ அதட்டவே கூடாதுங்க. உறுமலை அடக்கினா, பிறகு எச்சரிக்காமலே கடிக்கப் பழகிடும். வேகவைச்ச கோழித்துண்டைக் காட்டினா அவனே விட்டுட்டு வர்றான்.

பந்து வாங்கறப்போ பெரிய நாயோட வாயைப் பார்த்து வாங்குங்க. குட்டியோட சின்னப் பந்து லேப்ரடார் தொண்டையில அடைச்சுக்கும். நூல் பிரிஞ்ச கயிறுகளையும் தூக்கிப் போட்டாச்சு, குடல்ல சிக்கினா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். பந்து எறியற விளையாட்டு மட்டும் இன்னும் ஒவ்வொருத்தராத்தான். மூணையும் சேர்த்து விட மனசு வரல.