அம்மாவின் முகவீக்கமும் மந்தமும்: எந்த மருத்துவரைப் பார்ப்பது?

கேள்வி:
கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் 58 வயதான என் அம்மாவுக்குச் சில மாதங்களாக முகம் ஊதி, புருவங்களின் வெளிநுனி முடி உதிர்ந்து, குரலும் கரகரத்துவிட்டது. பாலக்காட்டுப் பங்குனி வெயிலிலும் போர்வை கேட்கிறார். பேச்சு மந்தமாகிவிட்டதால் உறவினர்கள் மனச்சோர்வு என்கிறார்கள். யாரிடம் காட்டுவது?

பதில் 1:
நண்பரே, இவை தைராய்டு சுரப்புக் குறைவில் சேர்ந்து வரக்கூடியவை. மனச்சோர்வு என்று முடிவுகட்டுமுன் பொது மருத்துவரிடம் காட்டி, டி.எஸ்.ஹெச்., டி4 இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பதில் 2:
என் அத்தைக்கும் இப்படித்தான் இருந்தது; பழைய கல்யாணப் படத்தை முகத்தருகே பிடித்துப் பார்த்தபோதுதான் கண்ணிமைத் தடிப்பு எங்களுக்கே தெரிந்தது. அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் புலப்படாது. படம் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

பதில் 3:
தைராய்டு மாத்திரை எழுதித் தந்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுத்து, காப்பியை அரை மணி நேரமாவது தள்ளிவையுங்கள். மீறிய தூக்கமோ குழப்பமோ உடல் சில்லிடுவதோ கண்டால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.