வீட்டிலேயே மின்கிட்டார் உடலுக்கு வண்ணமும் கிளியர் கோட்டும்: நான்கு பேரின் அனுபவப் பகிர்வு

கிட்டார் உடலுக்கு வீட்டிலேயே வண்ணம் அடிக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எந்த நிறம், எந்த ஸ்பிரே கேன் என்றுதான் தொடங்குகிறார்கள். நிறம் அடிக்கும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அதற்குக் கீழே மரத்தைத் தயார் செய்வதிலும், அதற்கு மேலே நிறமற்ற காப்புப் பூச்சான கிளியர் கோட்டைப் போதிய தடிமனுக்கு ஏற்றி, இறுகும்வரை கைவைக்காமல் காத்திருந்து, பிறகு தேய்த்தெடுப்பதிலும்தான் நாள்கள் போகின்றன. அதிலும் விளிம்புகள்தான் முழு வேலையின் தலையெழுத்தை எழுதுகின்றன என்பது என் அனுபவம்.

என்னிடம் இருந்தது ஆல்டர் மரத்து உடல். அதன் மேலிருந்த தொழிற்சாலைப் பாலியெஸ்டர் பூச்சு, வண்ணம் நீக்கும் திரவத்துக்குச் சற்றும் அசையவில்லை. ஹீட் கன்னால் சூடாக்கி, பட்டி பார்க்கும் தகட்டை அடியில் கொடுத்து நெம்பியபோதுதான் பெயர்ந்து வந்தது. மரம் வெளிப்பட்டபின் 120, 180, 220 என வரவர நுண்ணிய எண்களுக்கு ஏறிக்கொண்டே, இழையோடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்தேன். ஆல்டரின் துளைகள் நுண்ணியவை என்பதால் மரம் உறிஞ்சாமல் தடுக்கும் சீலரை அடித்துவிட்டு, வண்ணத்துக்கு அடிப்பூச்சான ப்ரைமருக்கு நேராகப் போக முடிந்தது. ஆஷ், மஹோகனி போன்ற மரங்களில் துளைகள் திறந்தே இருக்கும். அவற்றை ஃபில்லரால் அடைத்துச் சமப்படுத்தாவிட்டால், முடிந்த வேலை என்று நினைத்திருக்கும்போது, பல மாதங்கள் கழித்துக்கூட லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பூச்சு) துளைகளுக்குள் இறங்கி மேற்பரப்பில் கோடுகள் தெரியத் தொடங்கும். எந்த மரமாக இருந்தாலும் உடலின் அடிப்புறத்திலும் கழுத்தின் இருபுறமும் நீளும் கொம்புகளின் நுனியிலும் இழைகள் குறுக்காக வெட்டுப்பட்டிருக்கும். அந்த இடங்கள் அடித்ததையெல்லாம் குடித்துக்கொண்டே இருப்பதால், மற்ற இடங்களைவிட இரண்டு கோட்டிங் சீலர் கூடுதலாகக் கேட்கின்றன.

கழுத்து பொருந்தும் குழியை மாஸ்கிங் டேப்பால் மூடி, அதிலுள்ள திருகுத் துளைகளிலேயே ஒரு மரச்சட்டத்தை முடுக்கிவிட்டேன். அந்தச் சட்டமே பிடியாகவும் கொக்கியில் தொங்கவிடும் காம்பாகவும் பயன்பட்டது. குழிக்குள் வண்ணம் ஏறினால் கழுத்து இறுக்கமாக உட்கார்ந்து, பின்னர் பொருத்தும்போது பூச்சையே விரிசல் விடச் செய்யும். கேனை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்துக் குலுக்கினால் அழுத்தம் கூடித் துளிகள் நுண்ணியவையாக விழுகின்றன. நெருப்பில் காட்டுவதோ கொதிநீரில் போடுவதோ கேன் வெடிப்பதற்கே வழி. இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று, உடலுக்கு வெளியே பொத்தானை அழுத்தத் தொடங்கி, வெளியே போனபின் விட்டு, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடுமாறு அடித்தேன். தூரம் கூடினால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும், குறைந்தால் வழியும்.

இனி விளிம்பு. ஈரமான பூச்சு தன் பரப்பு இழுவிசையால் கூர்மையான ஓரங்களிலிருந்து விலகிச் சமதளப் பகுதிக்குச் சேர்கிறது. ஆகவே நாம் எவ்வளவு அடித்தாலும் விளிம்பில்தான் படலம் மெலிந்திருக்கும். தேய்க்கும்போதோ, தாளின் முழு அழுத்தமும் அந்த விளிம்பில்தான் விழும். இந்த இரண்டும் சேர்ந்துதான் வண்ணம் வரை தேய்ந்துபோவதற்குக் காரணம். ஆகவே கிளியர் கோட் அடிக்கும் ஒவ்வொரு நாளும் பக்கவாட்டுகளையும் வளைவுகளையும் முதலில் தனியாக ஒரு சுற்று முடித்துவிட்டு, பிறகு முகப்பையும் முதுகையும் அடித்தேன். தேய்க்கையில் சமதளத்தை ரப்பர் கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரால் தேய்த்து, விளிம்புக்கு ஒரு விரல் அகலம் முன்பாகவே நிறுத்திக்கொண்டேன். விளிம்புகளைக் கடைசியில், நுண்ணிய தாளால், கட்டையில்லாமல், விரலின் மெல்லிய தொடுகையில் மட்டும் பார்த்தேன்.

தேய்க்கும்போது சேரும் நீரைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளியர் கோட் மட்டும் தேயும்வரை அந்த நீர் வெள்ளையாக இருக்கும்; அடியில் உள்ள நிறத்தின் சாயல் சிறிது கலந்தாலும் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். துடைத்துவிட்டு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், மங்கிய பரப்பின் நடுவே ஆங்காங்கே மினுங்கும் புள்ளிகள் தெரியும். தாள் இன்னும் தொடாத பள்ளங்கள் அவை. அவை எல்லாம் மங்கும்வரை 800-ஆம் எண் தாளை விடாமல், பிறகுதான் 1000, 1500, 2000 என்று ஏறி, மெருகேற்றும் பசையான ரப்பிங் காம்பவுண்டால் முடித்தேன். லாக்கருக்கு மூன்று நான்கு வாரமாவது காத்திருந்தபின்தான் இதையெல்லாம் தொடங்க வேண்டும். மூக்கருகே கொண்டுபோகும்போது தின்னர் வாடை வந்தால் அது இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

*

மேலே எழுதிய நண்பர் ஒற்றை நிறத்தைப் பற்றிச் சொன்னார். மெட்டாலிக் நிறத்தில் கதை சற்று வேறு. நான் அடித்தது மெட்டாலிக் நீலம். வண்ணத்தில் மிதக்கும் அலுமினியத் துகள்கள் விழுந்தபடியே படுத்திருந்தால்தான் ஒளி சீராகத் திரும்பும். அதன்மேல் உப்புத்தாள் பட்டால் துகள்கள் அறுந்து, அந்த இடம் திட்டாகக் கறுத்துத் தெரியும். பின்னர் எவ்வளவு கிளியர் கோட் அடித்தாலும் அது மறையாது. எனவே தேய்க்கும் வேலையையெல்லாம் ப்ரைமர் கட்டத்திலேயே முடித்துவிட்டு, வண்ணம் அடித்தபின் கையே வைக்காமல் நேரடியாகக் கிளியர் கோட்டுக்குப் போனேன்.

கிளியராக நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத் தவிர்த்து அக்ரிலிக் லாக்கரை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1960களில் தன் சிறப்பு நிறங்களுக்குக் கார்களுக்கான டூபாண்ட் வண்ணங்களையே பயன்படுத்தியது. அவற்றில் லேக் பிளாசிட் ப்ளூ என்ற மெட்டாலிக் நீலம், மேலே அடித்த நைட்ரோ மஞ்சளித்துப்போனதால் பல பழைய கிட்டார்களில் பச்சையாகவே மாறிவிட்டது. அந்தப் பச்சைக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு நீலம் நீலமாகவே இருக்க வேண்டும்.

இரண்டாம் கை கிட்டார் வாங்கி வண்ணம் அடிப்பவர்களுக்கு ஒன்று. என் கிட்டாரின் முந்தைய உரிமையாளர் சிலிக்கோன் கலந்த பாலிஷை ஆண்டுக்கணக்கில் தேய்த்திருக்கிறார் போலும். முதல் கோட்டிங் விழுந்த சில நொடிகளில், வண்ணம் சிறு சிறு வட்டங்களாக விலகி, ஒவ்வொன்றின் நடுவிலும் அடிப்பரப்பு எட்டிப் பார்த்தது. மேலே மேலே அடித்து அதை மூட முடியாது. அப்படியே காயவிட்டு, தேய்த்தெடுத்து, நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானால் துடைத்தேன். ஒரு துணியால் நனைத்து, அது ஆவியாகும் முன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிக்கோன் இடம் மாறிப் பரவுமே தவிர நீங்காது. அதன்பின் ஷெல்லாக்கை (அரக்குப் பூச்சு) மெல்லிய தடுப்பாக அடித்தபிறகே அந்த வட்டங்கள் விழுவது நின்றது.

*

லாக்கருக்காக வாரக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லாத நான், ஹார்டனர் என்ற இறுக்கியோடு வினைபுரிந்து இறுகும் இருகூறுப் பூச்சான 2கே கிளியருக்குப் போனவன். கேனின் அடியிலுள்ள முளையை அழுத்தியதும் ஹார்டனர் உள்ளே கலந்துவிடும். அதன்பின் ஓரிரு நாளுக்குள் அந்தக் கேனைத் தீர்த்துவிட வேண்டும். படலம் தடிமனாக ஏறுகிறது, சில நாள்களில் தேய்த்துப் பாலிஷ் செய்யும் அளவுக்கு இறுகுகிறது, பெட்ரோல் பட்டாலும் கரைவதில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அதற்கு எச்சரிக்கும் வாடை இல்லாததால், முகமூடியின் வடிகட்டி எப்போது தீர்ந்தது என்று மூக்குக்குத் தெரியாது. தூசிக்கான துணி முகமூடி இதற்கு உதவவே உதவாது. தொழிற்கூடங்களில் வெளியிலிருந்து காற்று ஊட்டப்படும் முகமூடியை அணிகிறார்கள். வீட்டில் அந்த வசதி இல்லாத எவருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் அடுத்த உடலை லாக்கரிலேயே அடிக்கப்போகிறேன், பொறுமையின்மை ஒருபுறம் இருக்கட்டும்.

லாக்கரும் சாதுவானதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய் தொலைவிலுள்ள அடுப்புச் சுடரையோ ஹீட்டரின் பொறியையோ எட்டிவிடும்.

*

ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்த நைட்ரோ லாக்கர் என் கண்ணெதிரே வெள்ளை பூத்தது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிவதால் இது நேர்கிறது. தேய்த்து எடுக்கப் போகாமல், காற்று உலர்ந்த ஒரு நாள் வரை காத்திருந்து, மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரைப் பனித்தூவலாக அதன்மேல் அடித்தேன். லாக்கர் மீண்டும் இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிட, வெண்மை கரைந்து அடிநிறம் தெளிந்தது. காய்ந்த லாக்கர் தன் கரைப்பானில் மறுபடி இளகும் என்பதுதான் இங்கே கைகொடுக்கிறது. இறுகிய 2கே பூச்சில் இந்த வித்தை பலிக்காது.

முதல் நண்பருக்கு ஒரு சேர்க்கை. நீர்விட்டுத் தேய்க்கும் முன் பிரிட்ஜ் திருகுகள், தோள்வார் மாட்டும் கொக்கி, பிக்கப் வளையம் ஆகியவற்றுக்கான துளைகள் ஒவ்வொன்றின் வாயிலும் மெழுகு திணித்துவிடுங்கள். துளைக்குள் நீர் இறங்கினால் பூச்சில்லாத மரம் உப்பி, வாயைச் சுற்றியுள்ள கிளியர் கோட் நட்சத்திர வடிவில் விரிசல் விடும். சிலர் நீருக்குப் பதிலாக மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானைக் கொண்டே தேய்க்கிறார்கள். அது மரத்தை உப்ப வைப்பதில்லை. பொருத்தும் நேரத்திலும் திருகை நேரடியாக முடுக்காமல், கவுண்டர்சிங்க் பிட்டைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றித் துளைவாயில் பூச்சை மட்டும் சரிவாகச் சீவிவிட்டால், திருகின் மரை பூச்சைத் தூக்காது. நைட்ரோ அடித்தவர்கள் கிட்டாரை ரப்பர் தாங்கியில் சாத்த வேண்டாம். பல தாங்கிகளின் ரப்பர் அந்த லாக்கரோடு வினைபுரிந்து, தொட்ட இடத்தில் அழியாத வடுவை விடும். தாங்கியின் கைகளுக்குப் பருத்தித்துணி சுற்றினால் போதும்.