கட்டுத்தரையை வீடாக மாற்ற அப்ரூவல் வேண்டுமா? அவசரம்

தோட்டத்து_மகன்:
தோட்டத்தில் பழைய கட்டுத்தரை (மாட்டுக் கொட்டகை) சும்மா கிடக்கிறது. மாடு விற்று நான்கு வருடம் ஆச்சு. அதை ஒரு ரூம், சமையல், பாத்ரூம் என்று எடுத்துக் கட்ட வேண்டும். பிளான் அப்ரூவல் வாங்கணுமா, பஞ்சாயத்தில் சொன்னால் போதுமா? மேஸ்திரி திங்கள்கிழமை வருகிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சிறுவாணிக்காரன்:
எந்த மாவட்டம்? பட்டா யார் பெயரில் இருக்கிறது? நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), புஞ்சையா?

ஹாலோபிளாக்_மணி:
எத்தனை அடிக்கு எத்தனை அடி? சுவர் மண்ணா, கல்லா? இதைச் சொல்லாமல் எப்படிங்க சொல்றது?

கிராமத்து_இன்ஜினியர்:
அப்ரூவல் பெரிய விஷயமே இல்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை (நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்குவது) வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம். ஆன்லைனில் போட்டால் உடனே கிடைக்கும். திங்களே ஆரம்பியுங்கள்.

ஓய்வு_சர்வேயர்:
இன்ஜினியர் தம்பி, படித்த வரியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அது மனைக்கான முறை. அவர் தோட்டம் என்கிறார். தோட்டம் 2,500 சதுர அடியிலா இருக்கும்? இதையே இங்கே பலமுறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. முதலில் அ-பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு) எடுங்கள், நிலத்தின் வகைப்பாடு பாருங்கள். நத்தம் என்றால் ஒரு வழி, புஞ்சை என்றால் வேறு வழி. விவசாய நிலத்தில் குடியிருப்பு கட்ட நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும், அது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வரை போகும். நஞ்சை என்றால் கலெக்டர் வரை.

மாமரத்தடி:
எங்கள் ஊரில் பத்துப் பேர் தோட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். வீட்டு வரி போட்டு ரசீது வாங்கிவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை.

ஓய்வு_சர்வேயர்:
வரி ரசீது அனுமதி ஆகாது. நாளைக்கு வங்கிக்கடன் கேட்கும்போது அந்த ரசீதைக் காட்டிப் பாருங்கள்.

கலைச்செல்வி_ஈரோடு:
கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கேட்டுப் பாருங்களேன். 3.5 லட்சம் தருகிறார்கள்.

சிறுவாணிக்காரன்:
அக்கா, அது குடிசையில் குடியிருப்பவர்களுக்கு. இவருக்கு ஏற்கெனவே வீடு இருக்கும்போல.

தோட்டத்து_மகன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கோவை, தொண்டாமுத்தூர் பக்கம். இரண்டு ஏக்கர். அப்பா பெயரில் தனிப் பட்டா. கட்டுத்தரை 40க்கு 14. நான்கு அடி வரை கருங்கல், மேலே மண் சுவர், ஓடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு ஏழு படி, தூக்கித்தான் ஏற்றுகிறோம். கட்டுத்தரைக்குப் படியே இல்லை. அதனால்தான்.

சிறுவாணிக்காரன்:
தொண்டாமுத்தூர் பக்கமா! அப்படியென்றால் ஊர் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் சில கிராமங்கள் ஹாகாவில் (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) வரும், மலையடிவாரம். அங்கே தனியாக அந்த அனுமதியும் வேண்டும். ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

ஹாலோபிளாக்_மணி:
பேப்பர் இருக்கட்டும். மண் சுவரை இடித்துவிட்டு ஹாலோ பிளாக் வைத்து, மேலே கான்கிரீட் பெல்ட் போட்டு, சிமென்ட் ஷீட் போடுங்கள். மாட்டுக் கோமியம் ஊறிய சுவர் நிற்காது.

சுண்ணாம்புக்காரர்:
இடிக்க வேண்டாம். கோமிய உப்பு சுவரிலும் தரையிலும் இருக்கும், அது உண்மை. சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே அடைபட்டுப் பூச்சு பெயர்ந்து விழும். பூச்சைச் சுரண்டி எடுத்து, தரையில் இரண்டு அடி மண்ணைத் தோண்டி வெளியேற்றி, கிராவல் போட்டு நன்றாகக் காயவிட்டு சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். மண் சுவரும் ஓடும் கோடையில் அப்பாவுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஷீட் போட்டால் மதியம் படுக்க முடியாது.

ஹாலோபிளாக்_மணி:
சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆள் இப்போது எங்கே கிடைக்கிறான்? கூலி கேட்டிருக்கிறீர்களா?

சுண்ணாம்புக்காரர்:
கிடைக்கிறார்கள். நானே போன வருடம் பொள்ளாச்சிப் பக்கம் இரண்டு சாளை (தோட்டத்து வீடு) பூசிக் கொடுத்தேன்.

கிராமத்து_இன்ஜினியர்:
ஓட்டில் குரங்கு ஏறினால் உடையும்.

சுண்ணாம்புக்காரர்:
உடைந்த ஓட்டை மாற்றலாம். வெடித்த ஷீட்டை?

கலைச்செல்வி_ஈரோடு:
சண்டையை விடுங்கள். தம்பி, கரண்ட்டைக் கவனியுங்கள். மோட்டார் சர்வீஸிலிருந்து ஒயர் இழுத்து விளக்கு போடாதீர்கள். அது விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த கரண்ட். வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அப்புறம் அந்த ஏழு படிக்கு ஒரு சரிவு மேடை போடலாமே? அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தோட்டத்து_மகன்:
வி.ஏ.ஓ.வைப் பார்த்தேன். அ-பதிவேட்டில் புஞ்சை. ஊர் ஹாகா பட்டியலிலும் இருக்கிறதாம். மேஸ்திரியிடம் கட்டுத்தரை வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். திங்கள் வந்து சரிவுக்கு அளவு மட்டும் எடுக்கிறார். கலைச்செல்வி அக்காவுக்கு நன்றி.

ஓய்வு_சர்வேயர்:
சரியான முடிவு. விண்ணப்பத்துக்கு எஃப்எம்பி (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

சுண்ணாம்புக்காரர்:
தம்பி, சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, விரல் வைத்தால் உதிர்கிறதா? அனுமதி வரும்வரை கூரையில் ஒழுகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மண் சுவர் நனையக்கூடாது.