எம்பி3 சிடி பழைய பிளேயர்ல ஓடல, லென்ஸ் போச்சா?

கேள்வி: அப்பாவோட பழைய சிடி பிளேயர்ல போடலாம்னு 150 எம்பி3 பாட்டை ஒரே சிடில ரைட் பண்ணேன், போட்டா கொஞ்ச நேரம் சுத்திட்டு 'நோ டிஸ்க்'னு காட்டுது. கடைல வாங்குன ஆடியோ சிடி நல்லா பாடுது. லென்ஸ் மாத்தணுமா?

பதில் 1: லென்ஸ்ல தப்பில்ல ப்ரோ. முன்பக்கம் எம்பி3ன்னு போட்டிருக்கா பாருங்க, இல்லன்னா அதுக்கு டீகோட் பண்ற (எம்பி3 ஃபைலைப் பாட்டா மாத்துற) வசதி இருக்காது. டேட்டா சிடியா (ஃபைலை அப்படியே காப்பி பண்ணி) எழுதாம, கடைல வாங்குற மாதிரி ஆடியோ சிடியா ரைட் பண்ணுங்க, ஆனா 80 நிமிஷம்தான், 18 பாட்டு போல வரும்.

பதில் 2: டிவிடி பிளேயர் இருந்தா அதுல போட்டுப் பாருங்க, பெரும்பாலும் எம்பி3 எடுக்கும். பாட்டோட பிட்ரேட் (ஒரு செகண்டுக்கு எவ்ளோ டேட்டாங்கிறது) 128 கேபிபிஎஸ்னா 700 எம்பில 12 மணி நேரம் பாட்டு!

பதில் 3: பழைய பிளேயர்னா சிடி-ஆர்டபிள்யூ (அழிச்சு அழிச்சு எழுதுற சிடி) வேணாம், அதுல வெளிச்சம் கம்மியா திரும்புறதால படிக்காது, சிடி-ஆர் (ஒரு தடவை மட்டும் எழுதுற சிடி) வாங்கி, மறக்காம ஃபைனலைஸ் (எழுதி முடிச்சு டிஸ்க்கை மூடுறது) பண்ணிடுங்க.